ஞாயிறு பத்தரை மணிப் பசிக்கு எந்தக் கடை?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஐந்தரைக்கே பொழுது விடிந்துவிடும், மகளுக்கு ஒன்பது மணிக்குத்தான். எல்லோரும் குளித்து முடித்து மந்தைவெளியிலிருந்து கிளம்பும்போது பத்தேகால் ஆகியிருக்கும். காலை டிபனுக்கு நேரம் தாண்டியிருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் வந்திருக்காது. ஆனால் பசி வந்திருக்கும். இந்தப் பசிக்குத்தான் இப்போது நகரத்தில் பிரன்ச் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெயர்தான் புதிது. அந்தக் காலத்து மயிலாப்பூர் வீடுகள் பலவற்றில் காலையில் காபி மட்டும்தான். ஒன்பதரை, பத்து மணிக்கு சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு முடித்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்புவார்கள். மூன்று மணிக்கு மேல்தான் டிபன். அந்தப் பழக்கம் வீடுகளிலிருந்து போய்விட்டது. ஹோட்டல்கள் காலை டிபன், மதியச் சாப்பாடு என்று இரண்டு வேளைக்குத் தங்களைப் பழக்கிக்கொண்டன. இரண்டுக்கும் நடுவில் விழுகிற பத்தரை முதல் பதினொன்றரை வரையிலான நேரத்துக்குப் பெரும்பாலான இடங்களில் பொறுப்பாளர் இல்லை. இட்லிக் கொப்பரையை இறக்குகிறார்கள், பொங்கல் அண்டாவைக் கழுவப் போடுகிறார்கள், இன்னொரு பக்கம் சோறு வடிகிறது. அந்த நேரத்தில் உள்ளே நுழைகிறவருக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

இரண்டு வருஷமாக மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இந்த நேரத்தில் வெளியே சாப்பிட்டு வருகிறோம். மெஸ், பவன், நட்சத்திர ஹோட்டல், தோட்டத்து கஃபே என்று நாலு வகையும் பார்த்தாகிவிட்டது. இப்போதெல்லாம் ருசியையும் விலையையும் விசாரிப்பதற்கு முன்னால், நான் போய்ச் சேரும் நேரத்தில் அந்தச் சமையல்கட்டு என்ன செய்துகொண்டிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

முதலில் மெஸ். கச்சேரி ரோட்டை ஒட்டிய அருண்டேல் தெருவில் ராயர் மெஸ், கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் என்று மயிலாப்பூரில் இதற்குப் பெயர்பெற்ற இடங்கள் உண்டு. ராயர் மெஸ்ஸில் காலையில் இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி, காபி. பட்டியல் அதைத் தாண்டி அதிகம் போகாது. அந்தச் சின்னப் பட்டியல்தான் அதன் பலம். பொங்கல் அடுப்பை விட்டு இறங்கிய கால் மணி நேரத்தில் இறுக ஆரம்பிக்கும். வடை பத்து நிமிஷத்தில் மொறுமொறுப்பை விடும். அளவாகச் செய்து, தீர்ந்ததும் கடையைக் கட்டுகிறவர்களிடம் இந்த இரண்டும் கெட்டுப்போக நேரமே கிடைப்பதில்லை. நெய் மணக்கும் பொங்கலை வாயில் வைத்ததும் மிளகு கடிபடும் அந்தச் சூடு, நூறு வகை எழுதிப் போட்ட மெனு கார்டு உள்ள இடத்தில் எளிதில் அமையாது. கற்பகாம்பாள் மெஸ்ஸின் கீரை வடைக்கும் இதே நியாயம்தான். கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிவிட்டு வந்து இரண்டு கீரை வடை, ஒரு காபி என்று முடித்துக்கொள்ளும் காலை என்றால் என் அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் மெஸ் நம் நேரத்துக்கு வளையாது, நாம்தான் அதன் நேரத்துக்கு வளைய வேண்டும். பத்தரைக்கு மயிலாப்பூர்ப் பழைய மெஸ் எதற்குப் போனாலும் “முடிஞ்சிருச்சுங்க” என்ற பதிலுக்குத் தயாராக இருக்க வேண்டும். ஒன்பதரைக்குள் போனால் மட்டுமே இது போட்டியில் இருக்கிறது. இடம் சின்னது என்பதால் வெளியே நிற்கவும் வேண்டியிருக்கும், சாப்பிட்டு முடித்தவுடன் எழுந்துவிடவும் வேண்டும். பின்னால் ஒரு குடும்பம் காத்திருக்கும்போது உட்கார்ந்து கதை பேசுவது மரியாதையில்லை. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துக்கொண்டு போனால், முதலில் ஒருவர் போய் வரிசையில் நின்றுவிட்டு மற்றவர்கள் பதினைந்து நிமிஷம் கழித்து ஆட்டோவில் வருவது நல்லது. செலவைப் பொறுத்தவரை இதற்குப் போட்டியே கிடையாது. நாங்கள் நாலு பேர் போய் 600 ரூபாயைத் தாண்டியதில்லை.

பவன் ஹோட்டல்களின் கணக்கு வேறு. சரவண பவன் 1981இல் கே.கே. நகரில் தொடங்கியது. அதற்குப் பின் சென்னையில் பெருகிய சைவ உணவகங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சில் இயங்குகின்றன: ஏ.சி. ஹால், நீளமான மெனு, நாள் முழுக்கச் சூடாக இருக்கும் தோசைக்கல். பத்தரை மணிப் பசிக்கு அந்தக் கல்தான் காவல். பொங்கலும் பூரியும் தீர்ந்திருந்தாலும், நெய் ரோஸ்ட்டும் ஊத்தப்பமும் வார்த்து நேராக இலைக்கு வரும். அதனால் பவனில் பத்தரைக்கு மேல் என் விதி ஒன்றுதான்: கல்லில் வார்ப்பதைக் கேள், அண்டாவில் இருப்பதைக் கேட்காதே. உப்புமா, கிச்சடி, பொங்கல் மூன்றையும் அந்த நேரத்தில் தவிர்த்துவிடுகிறேன்.

இதில் விதிவிலக்கு இட்லியையே தொழிலாக வைத்திருக்கும் இடங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த முருகன் இட்லி கடையில் இட்லி காலைப் பலகாரம் என்ற கணக்கே இல்லை, ஈடு ஈடாக வெந்துகொண்டே இருக்கும். வாழையிலையில் விதவிதமான சட்னியோடு, நல்லெண்ணெய் குழைத்த பொடியோடு வருவதைப் பதினோரு மணிக்குச் சாப்பிட்டாலும் ஏழு மணி இட்லிக்குக் குறைந்ததல்ல. இன்னொன்று திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் ரத்னா கஃபே. மதுராவிலிருந்து வந்த வட இந்தியக் குடும்பம் 1948இல் தொடங்கிய கடை, இட்லியைவிட சாம்பாருக்குப் பேர் போனது என்பது சென்னையின் அழகு. அங்கே இட்லி சாம்பாரில் மிதக்க வேண்டும். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். சாம்பாரைத் தொட்டுச் சாப்பிடுகிற ஆள் என்றால் அந்தக் கடை உங்களுக்கானதல்ல. என் மகனுக்கு இரண்டு வயதிலிருந்தே கரண்டியால் அள்ளிக் குடிக்கிற பழக்கம், எனவே அவன் வாக்கு அங்கேதான்.

பவன்களில் இப்போது ஒரு புதுத் தொல்லை சேர்ந்திருக்கிறது. ஒரு ஞாயிறு நகரின் தெற்கே ஒரு பெரிய உணவகத்தில் நாங்கள் கேட்ட தோசை வர அரை மணி நேரம் ஆனது. ஹாலில் பாதி மேசை காலி. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் டெலிவரி பைகளோடு பதினைந்து இளைஞர்கள் நிற்கிறார்கள். ஆளில்லாத ஹாலுக்கும் சேர்த்து அதே கல், அதே மாஸ்டர். அந்தப் பையன்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை, வெயிலில் நிற்கிற அவர்களுக்கும் அது பிழைப்பு. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் உள்ளே கூட்டம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் பார்சல் கவுன்டரைப் பார்க்கிறேன். அங்கே ஆறு பேருக்கு மேல் நின்றால் அடுத்த கடை.

நட்சத்திர ஹோட்டலுக்கு வருவோம். பிரன்ச் என்ற சொல்லைச் சென்னையில் அதிகம் விளம்பரப்படுத்துகிறவர்கள் இவர்கள்தான். கிண்டியில் ஐ.டி.சி. கிராண்ட் சோழா, நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல், எம்.ஆர்.சி. நகரில் கடல் பார்த்த லீலா பேலஸ் என்று நீளும் அந்த வரிசை. ஆனால் இந்த ஹோட்டல்களின் ஞாயிறு பிரன்ச் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கும், மூன்று மணி தாண்டியும் ஓடும். நம் ஊர்க் கணக்கில் அது மதிய விருந்து. பத்தரைப் பசியோடு போனால் வாசலில் காத்திருக்க வேண்டும். ஒன்றுமே சாப்பிடாமல் பன்னிரண்டரை வரை தாக்குப்பிடிப்பது அம்மா மாதிரி நேரத்துக்கு மாத்திரை போடுகிறவர்களால் முடியாது.

விலை தலைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று போகும். அதோடு வரியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தெருவோர பவனில் 5 சதவீதம். அட்டையில் வரி தனி என்று 3,000 போட்டிருந்தால் கையிலிருந்து போவது 3,540. சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை பில்லில் இருந்தால், அதை நீக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உபசரித்த தம்பிக்குத் தர நினைப்பதை அவர் கையிலேயே கொடுக்கலாம்.

இவ்வளவு சொன்னாலும் இதை நான் ஒதுக்கவில்லை. ஒரே மேசையில் சைவம், மீன், ஆட்டுக்கறி, குழந்தைக்குப் பாஸ்தா, பெரியவருக்குத் தயிர்சாதம் என்று எல்லாம் வேண்டுமென்றால் வேறு எங்கும் அமையாது. இரண்டரை மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டார்கள். அப்பாவின் நண்பர்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்தபோது அந்த நீண்ட உட்காரல்தான் நாங்கள் கொடுத்த காசின் மதிப்பு. நம் பலகாரத்துக்காக மட்டும் அங்கே போகாதீர்கள். மூடிபோட்ட பாத்திரத்தில் விளக்குச் சூட்டில் கிடந்த வடையை ஒரு ஹோட்டலில் சாப்பிட்டேன், அந்த விலைக்கு மாட வீதியில் முப்பது நாள் வடை சாப்பிடலாம். கல்லுக்குப் பக்கத்தில் நின்று வார்த்து வாங்குவதை, கண்ணெதிரே வறுத்துத் தரும் மீனைத் தேடிப் போங்கள்.

கஃபே பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டில் அமெதிஸ்ட் மாதிரி மரமும் செடியும் சூழ்ந்த இடங்களில் பத்தரை மணி என்பது நாளின் தொடக்கம். சமையல்கட்டு அப்போதுதான் விழித்திருக்கும், எனவே முட்டையும் ரொட்டியும் புதிதாக வரும். நாலு வகையில் பத்தரை மணிப் பசியை மனதில் வைத்து நடத்தப்படுகிறவை இவை மட்டுமே. மகளும் அவள் தோழிகளும் இங்கே மூன்று மணி நேரம் பேசுவார்கள். மார்கழி, தை மாதங்களில் அந்த நிழலில் உட்காருவது சுகம். சித்திரையில் பத்தரை மணி வெயிலுக்குத் தோட்டம் பதில் சொல்லாது, உள்ளே இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். அம்மா அங்கே ஒரு டோஸ்ட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “காபி டிகாக்ஷன் காபியா?” என்று கேட்பார்.

அசைவக்காரர்களுக்கு இந்த நாலிலும் சேராத ஒரு வழி இருக்கிறது. திருவல்லிக்கேணி, மண்ணடிப் பக்கத்து முஸ்லிம் ஹோட்டல்களில் காலை இடியாப்பம், பாயா. அது தீரும் நேரத்தில், பதினொன்று, பதினொன்றரைக்குள் பிரியாணிக்கு தம் உடைத்துவிடுவார்கள். முதல் தட்டு பிரியாணியின் ஆவி முகத்தில் அடிக்கச் சாப்பிட்டவருக்குத்தான் தெரியும், ஒரு மணிப் பிரியாணி வேறு ரகம் என்று.

இந்த நாலையும் ஒப்பிட்டு எழுதும்போது மனம் ஐந்தாவதாக ஒன்றையே சுற்றுகிறது. கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ் இன் 1962 முதல் 2008 வரை இருந்தது. பெரிய மரங்கள், காருக்கே வந்து கதவில் மாட்டும் தட்டு, எந்த நேரத்துக்கும் டிபன், ஓடி விளையாடப் பிள்ளைகளுக்கு இடம். மெஸ்ஸின் பலகாரமும் கஃபேயின் நிழலும் பவனின் விலையும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஒரு காபியை வைத்துக்கொண்டு பாதி நாள் பேசியவர்கள் எத்தனை பேர். அரசு நிலம் என்பதால் அது மூடப்பட்டு, அங்கே 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்காவும் நகரத்துக்குத் தேவைதான், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி ஓர் இடம் மறுபடி அமையவில்லை என்பதால்தான் நாம் ஞாயிறுதோறும் போனைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

போனைத் தடவுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். செயலிகளில் இருக்கும் நட்சத்திர மதிப்பெண் வீட்டுக்கு வந்த பார்சலையும் ராத்திரிச் சாப்பாட்டையும் கலந்து போட்டது. பத்தரை மணிப் பொங்கலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நான் பார்ப்பது சமீபத்து மூன்று நட்சத்திர விமர்சனங்களை. பிடித்தும் ஏதோ குறைந்த அனுபவத்தை எழுதுகிறவர்கள்தான் விவரமாக எழுதுகிறார்கள். அதைவிட நல்லது நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கிறவர்களிடம் கேட்பது. எந்தக் கடையில் மாஸ்டர் மாறினார், எங்கே சாம்பார் நீர்த்துப்போனது என்பது அந்த பெஞ்சுகளுக்கு முதல் வாரமே தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட நல்லது, பத்து மணிக்குக் கடைக்கே போன் போட்டு, “பொங்கல் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்ணா?” என்று கேட்பது. இதுவரை யாரும் கோபித்ததில்லை. இரண்டு இடத்தில் எடுத்தும் வைத்தார்கள்.

வரும் ஞாயிறு அக்கா குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. மொத்தம் எட்டுப் பேர். அத்தான் கடல் பார்த்த பிரன்ச் என்கிறார், மகள் தோட்டம் என்கிறாள். நான் முடிவு செய்துவிட்டேன்: அம்மாவும் அக்காவும் நானும் எட்டரைக்கே கோயில், அப்புறம் கீரை வடை. மற்றவர்கள் எழுந்து வரும்போது ரத்னா கஃபேயில் சேர்ந்துகொள்கிறோம். மகன் ஏற்கெனவே கரண்டியோடு தயார்.