கிளட்ச் மாற்ற வீடா, பட்டறையா, கம்பெனி சர்வீஸா?

இந்த மூன்றையும் ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது செலவைத்தான். நான் வேறு கணக்கு போடுகிறேன். சின்னக் காரின் கிளட்ச் செட் சில ஆயிரம் ரூபாய்தான், ஆனால் அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸை இறக்க வேண்டும். உள்ளே எதையாவது தப்பாகப் பூட்டி மூடிவிட்டால் அதே கியர்பாக்ஸ் மறுபடியும் இறங்க வேண்டும். அதனால் தவறு எந்தக் கட்டத்தில் தெரியவரும், அதைச் சரிசெய்யும் உழைப்பும் பணமும் யார் தலையில் விழும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆல்டோ 800 காரையே எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம், கேபிளில் இயங்கும் கிளட்ச். வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி காரில்தான் தொடங்குகிறார்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. கிளட்ச் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா, கேபிள்தான் இறுகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பெடலில் கொஞ்சம்கூட விளையாட்டு (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் லேசாக அமுங்கும் தூரம்) இல்லாமல் இருந்தால் நல்ல கிளட்ச் பிளேட்டும் ஸ்லிப் ஆகும், அதாவது பிடிக்காமல் வழுக்கும். கேபிளைச் சரிசெய்து, பெடல் விளையாட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்த பிறகும் மேட்டில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி இழுக்கவில்லை என்றால் பிளேட் போய்விட்டது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெரிய பலம் காகிதம்தான். ஜாப் கார்டு, பில், போட்ட பாகத்தின் எண் எல்லாம் இருக்கும். செய்த வேலைக்கு எவ்வளவு நாள் உத்தரவாதம் என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் காலத்துக்குள் கோளாறு வந்தால் மறுபடி இறக்கும் கூலி உங்களுடையது இல்லை. பாகத்துக்கும் கூலிக்கும் கொடுக்கும் கூடுதல் பணம் அதற்குத்தான். குறை என்னவென்றால், வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க முடியாது. எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தின் முகம் எப்படி இருந்தது, எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்ததா என்று கேட்டால்தான் சொல்வார்கள். கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

தெரிந்த மெக்கானிக்கின் பட்டறை இதற்கு நேர் எதிர். காகிதம் குறைவு, கண்ணால் பார்ப்பது அதிகம். இந்தக் காரின் கியர்பாக்ஸைப் பல தடவை இறக்கி ஏற்றிய கைக்கு இது அரை நாள் வேலை. ஆனால் "பிளேட் மட்டும் போதும் சார், பிரஷர் பிளேட் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தே தேய்கின்றன. மிச்சம் பிடித்த பழைய பேரிங் சில மாதத்தில் கத்த ஆரம்பித்தால், அந்த ஒரு பாகத்துக்காக முழுக் கூலியும் இன்னொரு முறை அழ வேண்டும். வேலையில் தவறு வந்தால் பட்டறையில் உங்களுக்கு இருக்கும் பிடி பழக்கம்தான். பழகிய மனிதர் என்றால் முகம் சுளிக்காமல் திரும்ப இறக்குவார். வழியில் அகப்பட்ட பட்டறையில் அந்த நம்பிக்கை வைக்க முடியாது.

பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் வேலியோ, லூக், எக்ஸிடி போன்ற பெயருள்ள செட்டையே வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எல்லாம் கிடைக்கும். லூக் கிளட்சுகள் நம் ஓசூரிலேயே தயாராகின்றன. பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். போலிப் பிளேட்டைப் போட்டுவிட்டால் வேலை எவ்வளவு சுத்தமாக நடந்தாலும் பயன் இல்லை.

இப்போது வீட்டுக்கு வருவோம். முதல் தடவை வீட்டில் செய்தால் பணம் மிச்சமாகும் என்று நம்பாதீர்கள். டிராலி ஜாக்கி, காரைத் தாங்க இரண்டு நல்ல ஸ்டாண்ட், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கத் தனித்தனி ஏற்பாடு, போல்ட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச், பிளேட்டை நடுவில் நிறுத்தும் அலைன்மென்ட் டூல் எல்லாம் வேண்டும். மிச்சமாகும் கூலி இதற்கே சரியாகிவிடும். சமமான சிமென்ட் தரையும் கூட ஒரு ஆளும் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

வீட்டில் கிடைக்கும் லாபம் நிதானம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, ஸ்டார்ட்டர், கேபிள், சக்கரங்களுக்குப் போகும் ஆக்சில் இரண்டையும் எடுத்து, எஞ்சினைத் தாங்கிப் பிடித்துக் கியர்பாக்ஸை இறக்கியதும், எல்லாம் உங்கள் கண்முன் இருக்கும். ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ வெடிப்போ இருந்தால் லேத்தில் காட்டலாம். பழைய பிளேட்டின் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. முகமூடி போட்டு, பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடைத்தெடுங்கள்.

தவறுகளில் இரண்டு ஜாதி உண்டு. மூடிய பிறகும் வெளியிலிருந்தே சரிசெய்யக்கூடியவை ஒன்று. ஆக்சிலைத் திரும்ப ஏற்றும்போது ஆயில் சீலின் உதடு கிழிந்தால் கசியும். சின்ன விலைதான், ஆக்சிலை மட்டும் எடுத்து மாற்றிவிடலாம். கேபிள் விளையாட்டு தப்பாக இருந்தாலும் அப்படியே. இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

மூடினால் தெரியாதவைதான் பொல்லாதவை. பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் கிளட்ச் விடாது, எஞ்சின் ஓடும்போது கியர் விழாமல் கரகரக்கும். பெரும்பாலான பிளேட்டுகளில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். பழையதைக் கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள். பிளேட் உட்காரும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பல்வரியான ஸ்ப்ளைனில் கிரீஸை அள்ளிப் பூசினால் அது சுழன்று தெறித்துப் பிளேட்டில் ஒட்டும், வண்டி கிளம்பும்போது உதறும். கிரீஸ் ஊறிய பிளேட்டைத் துடைத்துக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்காமல் ஒன்றை முழுதாக இறுக்கினால் தட்டு கோணும். அதனாலும் உதறல் வரும். ரிலீஸ் பேரிங், அதைத் தள்ளும் ஃபோர்க்கில் சரியாக உட்கார்ந்ததா என்று மூடுவதற்கு முன் கையால் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான கட்டம் கியர்பாக்ஸ் திரும்ப ஏறும் நேரம். கடைசி ஒரு சென்டிமீட்டர் நெருங்காமல் நிற்கும். அலுத்துப்போய் போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. கியர்பாக்ஸின் அலுமினியக் கூட்டில் போல்ட் ஏறும் காது உடைந்தால் கதை கியர்பாக்ஸ் விலைக்குப் போய்விடும். அப்படியே தொங்கவிட்டாலும் பாரம் முழுவதும் பிளேட்டின் நடுவில் விழுந்து அது வளைந்துவிடும். ஜாக்கியில் தாங்கியபடியே, ஒரு கியரில் போட்டு ஷாஃப்ட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அப்படியும் ஏறவில்லையா, கீழே இறக்கி, பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, பிளேட்டை மறுபடி நடுவில் நிறுத்துங்கள். அரை மணி நேரம் போகும், போகட்டும்.

அப்புறம் கியர் ஆயில். வடித்ததை மறந்து வண்டியை ஓட்டினால் இவ்வளவு உழைப்பும் வீண், கியர்பாக்ஸும் காலி. வடிக்கும்போதே ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். ஆக்சிலை எடுக்கக் கழற்றிய பால் ஜாயின்ட் போல்ட்டையும் சக்கர நட்டையும் கிளம்பும் முன் இன்னொரு தடவை டார்க் ரெஞ்சில் பாருங்கள்.

என் தீர்ப்பு இது. ஆல்டோ மாதிரி கேபிள் கிளட்ச் காருக்கு, பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளை ஏற்கெனவே கையால் செய்து பழகியவர், வேலை இரண்டு நாள் இழுத்தாலும் பரவாயில்லை என்றால், வீடு நல்ல வழி. மாருதி ஆம்னி வேன் இன்னும் எளிது. பின்சக்கர இயக்கம் என்பதால் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினால் கியர்பாக்ஸ் பின்னால் நகர்ந்து வரும், ஆக்சிலைத் தொட வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் அதே காரில் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்பவர் தெரிந்த மெக்கானிக்கிடம் முழு செட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அதிர்வைக் குறைக்க இரண்டு பகுதியாகச் செய்த இரட்டை ஃப்ளைவீல் உள்ள டீசல் கார்களையும், கிளட்ச்சையும் கியரையும் தானே இயக்கும் ஏஎம்டி கார்களையும் வீட்டில் திறக்காதீர்கள். ஏஎம்டியில் புது கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கணினிக் கருவி வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தக் கருவி கம்பெனி சர்வீஸில் இருக்கும். அங்கே கேட்கும் பணத்தைக் கொடுத்துவிடலாம்.