க்வாட் 303: திருவான்மியூர் கடற்காற்றில் 12 வருடம்

இங்கிலாந்தின் லீட்ஸில் ஒன்றரை வருடம் வேலை பார்த்துவிட்டு 2013-இல் ஊர் திரும்பியபோது என் கைப்பையில் துணிமணி எதுவும் இல்லை. டவலில் சுற்றிய ஒரு க்வாட் 303 பவர் ஆம்ப்ளிஃபயர், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி, மட்டும். எட்டுக் கிலோ சொச்சம். அதன் ஜோடியான க்வாட் 33 பிரீஆம்ப் (வால்யூமும் இன்புட் பட்டன்களும் இருக்கும் முன்பகுதி), சூட்கேஸுக்குள் ஸ்வெட்டர்களுக்கு நடுவே வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இரண்டையும் சேர்த்து 180 பவுண்டுக்கு வாங்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டு ஹாலில் அநேகமாக தினமும் ஓடுகிறது. ஷோகேஸில் வைத்து அழகு பார்க்கவென்று வாங்கியதில்லை. அதனால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 303-ஐ பீட்டர் வாக்கர் தொடங்கிய நிறுவனம் இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் தயாரித்தது. 1967-இல் வெளிவந்து 1985 வரை விற்பனையில் இருந்தது. நிற்க வைத்த பெரிய செங்கல் மாதிரி இருக்கும். சேனலுக்கு 45 வாட், 8 ஓம் ஸ்பீக்கருக்கு. பத்துக்குப் பதினாறு ஹாலுக்கு அது தாராளம். நான் வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வந்த நாலாவது மாதமே இடது சேனலில் 'ஊம்' என்ற இரைச்சல் ஆரம்பித்தது. தவில் சத்தம் தொளதொளவென்று கேட்டது. பழைய செட் என்றால் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேமிக்கும் கண்டன்சர்கள்) அத்தனையையும் மாற்றிவிடு என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருந்தார்கள். நானும் நம்பினேன். ஒரு கடையில் மொத்தமாக வாங்கி வந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிது வைத்து ஈயம் வைத்தேன். அவசரத்தில் சூடு அதிகமாகி போர்டில் ஒரு செம்புத் தடம் உரிந்து வந்துவிட்டது. அதை ஒயர் வைத்து ஒட்டுப்போட்டேன். மாலையில் ஆன் செய்தால் இரைச்சல் முன்பைவிடக் கூடுதலாக இருந்தது.

நண்பர் ஒருவர் அடையாறில் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து இதே தொழில், எழுபது வயது தாண்டியவர். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "இதுல எது கெட்டுப்போச்சுன்னு பாத்து மாத்துனியா தம்பி, இல்ல வயசாயிடுச்சுன்னு மாத்துனியா?"

எனக்குப் பதில் இல்லை.

நல்லவேளை, கழற்றிய பழைய கண்டன்சர்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். பெரிய டப்பா கண்டன்சர்கள் தனியாக ஒரு பையில். இரண்டு நாள் உட்கார்ந்து பழையது, புதியது என்று ஒவ்வொன்றாக அளந்தோம். வெறும் மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவு) மட்டும் பார்த்தால் போதாது, உள் தடையையும் அளக்க வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. பழையவற்றில் ஏறக்குறைய பாதி நன்றாகவே இருந்தன. நான் வாங்கியிருந்த புதியவற்றில், 2200 என்று அச்சடித்திருந்த ஒன்று மீட்டரில் 900-ஐத் தொடவில்லை. போலி. கத்தியால் உறையைக் கிழித்துப் பார்த்தோம். பெரிய டப்பாவுக்குள் சின்னதாக இன்னொரு கண்டன்சர் இருந்தது.

அதன்பின் அவர் சொன்னபடிதான் செய்தேன். அளந்து, கெட்டது என்று தெரிந்ததை மட்டும் மாற்றினேன். பெரிய கண்டன்சர்களை நம்பகமான விநியோகஸ்தரிடம் தருவித்தேன். பாலியெஸ்டர் கண்டன்சர்களை இன்றுவரை தொடவில்லை. எந்த டிரான்சிஸ்டரையும் மாற்றவில்லை. ஆனால் நன்றாக இருந்தும் நாங்கள் மாற்றிய ஒரு சாமான் உண்டு, அது பிரீசெட், அதாவது ஸ்க்ரூடிரைவரால் திருப்பி மின் அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகு. பழைய பிரீசெட்டுகள் திறந்த கார்பன் தடம் கொண்டவை. தூசி ஏறி, உள்ளே தடத்தின் மேல் உரசி நகரும் கை ஒரு நொடி தடத்தை விட்டு விலகினாலும் மின்னழுத்தம் கண்டபடி நகரும். அவற்றுக்குப் பதிலாக மூடிய, பல சுற்று பிரீசெட்டுகளை வைத்தோம்.

முதல் ஆனுக்கு சீரிஸ் லேம்ப் கட்டாயம். 60 வாட் குண்டு பல்பைத் தொடராகக் கோத்து ஆன் செய்தால், பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்க வேண்டும். மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். எங்களுக்கு மங்கியது. பெரியவர் ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்தார். முதலில் சப்ளை 67 வோல்ட். பிறகு ஒவ்வொரு சேனலிலும் நடுப்புள்ளி அதில் சரிபாதி, 33.5. கடைசியாகத்தான் பயாஸ் கரண்ட், அதாவது பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டம். இந்த வரிசை மாறக்கூடாது. 66.4, 66.8 என்று மீட்டரில் எண் ஏற ஏற என் விரல் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் மின்சாரம் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதை மறந்தே போகக்கூடாது.

இந்த ஆம்ப் நம் ஊருக்குப் பொருந்துவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எங்கள் தெருவில் இரவு பதினொரு மணிக்கு மேல் வோல்டேஜ் 245-ஐத் தாண்டும், மே மாதச் சாயங்காலத்தில் 210-க்கு இறங்கும். பெரும்பாலான ஆம்ப்களில் மின்சாரம் ஏறி இறங்கினால் உள்சப்ளையும் கூடவே ஏறி இறங்கும். 303-க்குள் ரெகுலேட்டர் இருக்கிறது, 67 அப்படியே நிற்கும். அடுத்தது சூடு. இதன் அவுட்புட்டில் மூன்று மூன்று டிரான்சிஸ்டர்களாகச் சேர்த்து ஒரு அமைப்பு. பயாஸைத் தீர்மானிப்பது சூடேறும் பெரிய டிரான்சிஸ்டர் இல்லை, முன்னால் குளிர்ச்சியாக இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர். கத்திரி வெயிலில் ஃபேன் கூட இல்லாமல் நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்திருக்கிறேன், பயாஸ் பெரிதாக நகரவில்லை. இன்னொரு ஆறுதல், ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கண்டன்சர் இருக்கிறது. உள்ளே ஏதாவது வெடித்தாலும் டிசி நேராகப் போய் ஸ்பீக்கர் காயிலை எரிக்காது. புதிய டிசைன்கள் அந்தக் கண்டன்சரைத் தவிர்த்துவிட்டன. எனக்கு அது இருப்பதுதான் நிம்மதி.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். கடலுக்கு அரை கிலோமீட்டர் தூரத்தில் வீடு. ஏசி காயிலே மூன்று வருடத்தில் அரித்துப்போகிற இடம். 33-இன் டின் (DIN எனப்படும் பழைய வட்டமான பல ஊசி) சாக்கெட்டுகளும் பட்டன் ஸ்விட்சுகளும் வருடத்துக்கு ஒருமுறை கறுத்துவிடும். ஒரு சேனல் போய்ப் போய் வரும். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை அழுத்தி விட்டால் சரியாகும். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துவிடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். டின் கேபிளும் இங்கே சுலபத்தில் கிடைக்காது, நானேதான் கட்டிக்கொள்கிறேன். சிடி பிளேயரை ரேடியோ இன்புட்டில் நேராகக் கொடுத்தால் வால்யூமைத் தொட்டதுமே அலறும். அந்த இன்புட் 100 மில்லிவோல்ட்டுக்குச் செய்தது, சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட். கேபிளுக்குள்ளேயே இரண்டு ரெசிஸ்டர் வைத்துக் குறைத்துக்கொண்டேன்.

இவ்வளவு தொல்லைக்கும் 33-ஐ நான் விடாததற்குக் காரணம், கீறல் சத்தம் இருக்கும் மேல்ஸ்தாயியை வெட்டும் அதன் ஃபில்டர். 10, 7, 5 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று பட்டன், பக்கத்தில் சரிவைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். அப்பாவிடம் கல்கத்தா டம்டம் ரெக்கார்டு ஃபேக்டரியில் அச்சான நாகசுர எல்பி ஒன்று உண்டு. நாற்பது வருடக் கீறல், அடுப்பில் கடுகு பொரிவது போல ஒரே படபடப்பு. 7-ஐ அழுத்தி, குமிழை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் படபடப்பு பின்னால் ஒதுங்கிவிடும். ஆனால் சீவாளியில் படும் உதட்டின் ஈரம், மூச்சு வாங்கும் சத்தம், இரண்டும் அப்படியே இருக்கும். இன்னும் ஒரு முடி அளவு திருப்பினால் மூச்சும் போய்விடும். அந்த இடத்தை அப்பா கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்திக் காட்டுவார்.

அந்த 'ஊம்' இப்போது இல்லை. தவில் இறுக்கமாக விழுகிறது, தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்கின்றன. இன்றைய நல்ல ஆம்ப் ஒன்றை நண்பர் கொண்டு வந்து ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டோம். ஜால்ராவின் மேல்ஸ்தாயி மினுக்கம் அதில்தான் அதிகம். உண்மையை மறைக்கவில்லை. குரலும் நாகசுரமும் என் காதுக்கு 303-இல்தான் இயல்பாக இருந்தன.

அடையாறு பெரியவர் 2019-இல் காலமானார். அவர் பழக்கிவிட்டபடி, ஒவ்வொரு தை மாதமும் மூடியைத் திறந்து மூன்று அளவுகளை ஒரு நோட்டில் எழுதுகிறேன். இந்த வருடம்: சப்ளை 67.1, இடது 33.4, வலது 33.6. எந்த பிரீசெட்டையும் தொடாமல் மூடியைத் திரும்ப மாட்டினேன்.