ஊட்டி நீராவி ரயில் பேக்கேஜ்: ரயில் எங்கே ஏறுவது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் "ஊட்டி நீராவி மலை ரயில், குடும்பச் சுற்றுலா" என்று ஒரு சுவரொட்டி மறுபடியும் கிளம்பியிருக்கிறது. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்காம். கடைகளில் ஒட்டியிருக்கிறார்கள், வாட்ஸ்அப் குழுக்களிலும் அனுப்புகிறார்கள். முன்பணம் கட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்தச் சுவரொட்டியைப் போட்ட இதே ஏஜெண்டிடம் பணம் கட்டி ஊட்டி வரை போய், நீராவி ரயிலில் ஏறாமலே திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது.

முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை நடப்பதே அங்கேதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். நீராவி எஞ்சின் வேலை செய்வது மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை மட்டும். காலை 7.10-க்குப் புறப்படும் அந்த ரயில் குன்னூர் வந்து சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். இது தவிர, குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மட்டும் தினமும் சில ரயில்கள் போய் வரும். அவையும் வழக்கமாக டீசல்தான். பெட்டிகள் எல்லாம் அதே நீலமும் கிரீமும். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு எது எந்த ரயில் என்று தெரியவே தெரியாது.

ஏஜெண்ட் எங்களிடம் பேக்கேஜ் விலைக்கு மேல் "ஸ்டீம் டிரெயின் டிக்கெட்" என்று ஆளுக்கு 180 ரிங்கிட் தனியாக வாங்கினார். ரசீதிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். அந்தப் பயணத்தின் உண்மையான கட்டணம் இந்தியப் பணத்தில் சில நூறு ரூபாய்தான். சரி, இடம் பிடித்துக் கொடுக்கிற அலைச்சலுக்குக் கூலி என்று வைத்துக்கொண்டாலும், அந்த இடத்தையாவது பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா?

நாங்கள் இதற்காகவே போனோம். அப்பா இளம் வயதில் மலாயன் ரயில்வேயில் நீராவி எஞ்சினில் அடுப்பு நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேனாக இருந்தவர். நம் பேராக்கில்தான் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்த நாட்டின் முதல் ரயில் ஓடியது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். நீலகிரி ரயிலைப் பற்றியும் புறப்படுவதற்கு முன்பே பாடம் எடுத்துவிட்டார். கல்லாறு ஸ்டேஷன் தாண்டியதும் ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி, வெறும் சக்கரம் வழுக்கிவிடும், அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள், எஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும், எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும் என்றெல்லாம். பிள்ளைகள் அந்தப் பல்லைப் பார்க்கத்தான் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வேனில் ஏற்றியவர்கள் மேட்டுப்பாளையத்தில் நிறுத்தவே இல்லை. "ரயில் மேலே இருக்கு சார்" என்று சொல்லி மலைச் சாலையில் நேராகக் குன்னூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கவுண்டரில் வரிசையில் நின்று முன்பதிவில்லாத டிக்கெட்டை வாங்கிக் கையில் கொடுத்தார் வேன்காரர். முதலில் கண்டுபிடித்தது அப்பாதான். பிளாட்பாரத்தின் ஊட்டிப் பக்க முனைக்கு நடந்துபோய்க் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார். "டேய், இங்க பல்லு இல்லடா. இது அந்த ரயில் இல்ல" என்றார். பல் தண்டவாளம் குன்னூரோடு முடிந்துவிடுகிறது. நீராவி எஞ்சின்களின் ஷெட் அதே குன்னூரில்தான் இருக்கிறது என்பது எங்களுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். கடைசியில் டீசல் இழுத்த ரயிலில், நெரிசலில், முட்டி வலிக்காரரான அப்பா பாதி வழி நின்றுகொண்டே வந்தார். சின்னவள் "தாத்தா, புகை எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போன் போட்டால் ஏஜெண்ட் சொன்ன பதில் இது: "அண்ணே, அதுவும் மலை ரயில்தானே, யுனெஸ்கோ ரயில்தானே. ஏறிட்டீங்கல்ல, அப்புறம் என்ன?" யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது முழுப் பாதையை, அது உண்மை. ஆனால் அவர் காசு வாங்கியது நீராவிக்கு. ஊர் திரும்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தடித்தார். இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

இந்த ரயிலுக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு இன்னும் அந்த ஆசை இருக்கிறது. போகிறவர்கள் முழுப் பணம் கட்டுமுன் டிக்கெட்டையே கேளுங்கள். அதில் புறப்படும் இடம் மேட்டுப்பாளையம், அதாவது ஸ்டேஷன் குறியீடு எம்டிபி (MTP) என்று இருக்க வேண்டும். ஓஎன்ஆர் (ONR) என்றால் குன்னூர், யூஏஎம் (UAM) என்றால் ஊட்டி. பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணை, அதாவது முன்பதிவு எண்ணை, வாங்கினால் இந்திய ரயில்வேயின் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் ஆறு மாதத்துக்கு முன்பே "டிக்கெட் கன்ஃபர்ம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்து பாதை அடைபட்டு ரயிலை ரத்து செய்வது அடிக்கடி நடக்கும். நம் ஆண்டு இறுதி விடுமுறை சரியாக அந்தக் காலத்தில்தான் வருகிறது. ரத்தானால் பணம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலா நடத்துபவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் கட்டாயம், அதிலும் வெளிநாட்டுப் பயணத்துக்கான அனுமதி இருக்க வேண்டும். எங்கள் ரசீதில் உரிம எண்ணே இல்லை.

நாங்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துவிட்டோம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அதே ஏஜெண்டிடம் ஏமாந்தவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். மூன்று ஆண்டுக்குள் மனு போட உங்களுக்கும் உரிமை உண்டு. ரசீது, வங்கியில் பணம் போட்ட சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். மனுப் பாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.