ஹாட்ஸ்பாட் போட்டு ஐபி மாற்றுவது: பள்ளத்தூர் வீட்டில் மூன்று வருட அனுபவம்

போன வாரம் தேவகோட்டைப் பங்காளி போனில் கூப்பிட்டார். "ஐபி மாத்தணும்னா விபிஎன்னுக்கு மாசாமாசம் காசு கட்டணுமாப்பா, இல்ல நீ பண்றியே அந்த ஹாட்ஸ்பாட் வேலை, அதுவே போதுமா?" பேசிக்கொண்டே பழக்க தோஷத்தில் என் விரல் போனின் விமானக் குறியை (ஏர்பிளேன் மோடு) தட்டிவிட்டது. லைன் கட். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஐபி என்பது இணையத்தில் நம் இணைப்புக்கு உள்ள முகவரி எண். விபிஎன் என்பது வேறொரு சர்வர் வழியாகப் போகவைத்து அந்த எண்ணை மறைக்கும் சேவை.

ஆத்தா கைப்பக்குவத்தில் மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் விற்க ஒரு சின்ன இணையக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கடை மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றினேன். உள்ளறையில் கிடந்த பழைய டேப்லெட்டில் மாற்ற மறந்துபோனேன். அது பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, கடையும் மின்னஞ்சலும் இருக்கும் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எவனோ திருடன் பூட்டை நெம்புகிறான் என்று சர்வரின் காவல்காரனான ஃபயர்வால் முடிவுகட்டி, எங்கள் பிராட்பேண்ட் ஐபியை அடைத்துவிட்டது. ஊருக்கெல்லாம் கடை திறந்திருக்கிறது, முதலாளி வீட்டுக்கு மட்டும் திறக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், வந்தது அதே ஐபி. போனில் மொபைல் டேட்டா போட்டதும் கடை திறந்தது. ஹாட்ஸ்பாட் பழக்கம் அன்று தொடங்கியது.

முதல் நாளே ஒரு கூத்து. எப்போதோ ஒரு பஸ் பயணத்தில் மகன் அந்த டேப்லெட்டை என் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து வைத்திருந்தான். அதுவும் தானாக வந்து ஒட்டிக்கொண்டு, தன் தட்டும் வேலையைத் தொடர்ந்தது. அரை மணியில் அந்த ஐபியும் அடைபட்டது. அந்த ஐபி எனக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. ஐபிவி4 எனும் பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகக் கையிருப்பு 2011லேயே தீர்ந்துபோனது. அதனால் மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார வைக்கின்றன. அன்றைக்கு அதே முகவரியிலிருந்து அதிரசம் வாங்க வந்த யாரையாவது நானே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கலாம். சில தளங்கள் "நீங்கள் மனிதர்தானா" என்று டிராஃபிக் லைட் படங்களைக் காட்டி நச்சரிப்பதற்கும் இந்தக் கூட்டுக்குடித்தனம் ஒரு காரணம்.

பங்காளி ஒரு விஷயத்தில் குழம்பியிருக்கிறார். லேப்டாப்பில் 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்துவிட்டு "மாறவே இல்லையே" என்கிறார். அது போன் நம் வீட்டுக்குள் கொடுக்கும் எண். வெளியே தெரிவது வேறு. விமானக் குறியைப் போட்டு, பத்து எண்ணி, எடுத்தால் போன் நெட்வொர்க்கில் புதிதாகச் சேரும். பெரும்பாலும் வேறு பொது ஐபி கிடைக்கும். சில நாள் பழையதே திரும்ப வரும், மறுபடி பத்து எண்ண வேண்டும். ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம். நான் பள்ளத்தூரில் இருக்க, சில தளங்கள் சென்னை என்று காட்டும், சில மதுரை என்று காட்டும்.

இதுவரை புகார் இல்லை. என் எரிச்சலெல்லாம் வீட்டோடு.

எங்கள் வீட்டில் சிக்னல் முகப்புத் திண்ணையில் உண்டு, முற்றத்து ஓரத்தில் உண்டு. என் மேஜையோ இரண்டாம் கட்டில், பிராட்பேண்ட் பெட்டி அங்கே இருப்பதால். நடுவில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு முழத்துக்குக் குறையாத சுவர்கள். ஐயா காலத்தில் வெயில் நுழையாமல் இருக்கக் கட்டியவர்கள் வைஃபையையும் சேர்த்தே தடுத்திருக்கிறார்கள். ஆகவே போன் முற்றத்துத் தூண் அடியில் கிடக்கும். ஒவ்வொரு முறையும் எழுந்து, வளவைக் கடந்து, விமானக் குறி, பத்து எண்ணிக்கை, அதோடு அணைந்துபோன ஹாட்ஸ்பாட்டை மறுபடி போட்டு, திரும்பி வந்து பார்த்தால், லேப்டாப் அதற்குள் பிராட்பேண்டுக்குத் தாவியிருக்கும். அதே பழைய ஐபி! தானாக இணையும் வசதியை அணைக்க வேண்டும் என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. "எதுக்குடா பத்துத் தடவ நடக்குற, வேண்டுதலா?" என்று ஆத்தா கேட்டதுதான் மிச்சம்.

மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துப் போட்டால் என் போனில் ஹாட்ஸ்பாட் அணையாது. ஆனால் ஐபி மாறுவது பாதி நாள்தான். ஹாட்ஸ்பாட்டின் அலைவரிசையை 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4க்கு மாற்றியபின் சுவரை ஓரளவு தாண்டுகிறது. யுஎஸ்பி வயர்தான் எல்லாவற்றிலும் நிலையானது என்பார்கள். வயர் எட்டும் இடத்தில் சிக்னல் இல்லாதவனுக்கு அதைச் சொல்லி என்ன பயன்?

பேங்க் பக்கம் திறந்திருக்கும்போது மட்டும் ஐபியை மாற்றாதீர்கள். பாதியில் வெளியே தள்ளிவிடும், விமானக் குறி போட்டிருக்கும் நேரத்தில் ஓடிபியும் வராது. விண்டோஸில் இந்த இணைப்பை அளவுள்ள இணைப்பு (metered connection) என்று குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் அப்டேட் என்ற பெயரில் அன்றைய 2 ஜிபியை விழுங்கிவிடும், எனக்கு இரண்டு முறை நடந்தது. விபிஎன் போட்டால் லேப்டாப்பில் போட வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் போட்ட விபிஎன் சாதாரணமாக ஹாட்ஸ்பாட் வழியே வருபவர்களுக்குப் பொருந்தாது. ஐபி மாறினால் ஆளே தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். எந்த நேரத்தில் யாருக்கு எந்த முகவரி என்பது மொபைல் நிறுவனத்தின் பதிவில் இருக்கும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீபாவளி ஆர்டர் அத்தனையும் இந்த ஹாட்ஸ்பாட்டில்தான் போனது. நாலாம் நாள், அந்தச் சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்காரர்களுக்கு ஒரு மெயில் போட்டேன், பத்து நிமிடத்தில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். முதல் நாளே போட்டிருக்கலாம்தான். அதற்குப் பிறகும் நான் இதை விடவில்லை. கடை வெளியாட்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க இதைவிட லேசான வழி இல்லை. கரண்ட் போய் ரவுட்டர் செத்தாலும் இது உயிரோடு இருக்கும். காசும் தனியாக இல்லை.

இருந்தாலும் பங்காளி, நீங்கள் விபிஎன்னே வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீடு எங்கள் வீட்டைவிட ஒரு கட்டு அதிகம், உங்களுக்கு முழங்கால் வலி வேறு. மற்றதைப் பேச வேண்டுமென்றால் காலை பதினொரு மணிக்குள் கூப்பிடுங்கள். அதற்குமேல் போன் முற்றத்தில் கிடக்கும், மணி அடித்தாலும் இரண்டாம் கட்டுக்குக் கேட்காது.