டச் போயிடுச்சு என்று சொன்னால் உடனே டிஸ்ப்ளேயை மாற்றாதீர்கள்

என் ஆண்ட்ராய்டு போனின் நல்ல டிஸ்ப்ளேயைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மட்டமான ஒன்றைக் காசு கொடுத்து மாட்டிக்கொண்டு வந்தவன் எழுதுகிறேன்.

சார்ஜில் போட்டபடி டைப் செய்தால், ஓர் எழுத்தைத் தட்டும்போது அதற்கு நேர் மேலே உள்ள எழுத்தும் சேர்ந்து விழுந்தது. சர்வீஸ் கடைக்காரர் திரையை இரண்டு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, "டச் போயிடுச்சு சார், காம்போவே மாத்தணும்" என்றார். காம்போ என்றால் டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த ஒரே துண்டு. எப்போது இப்படி ஆகிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாற்றித் தந்தது கடையில் வழுக்கிக்கொண்டு வேலை செய்தது. அங்கே சார்ஜர் செருகவில்லையே!

வீட்டில் சார்ஜில் போட்டதும் அதே பேய். வேறு சார்ஜரைச் செருகினேன், பேயைக் காணோம்.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். திரை நம் விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் ஓடுகின்றன. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு. விரல் கிட்டே வந்தால் இரண்டு கோடு சந்திக்கும் இடத்தில் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், துளி குறையும். துளி என்றால், அதை அளக்கும் அலகான 'பாரட்' ஒன்றை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, பல சமயம் அதிலும் குறைவு. அதைத்தான் ஒரு சிப் வினாடிக்கு 60, 120 முறை என்று அளந்துகொண்டே இருக்கிறது. மட்டமான சார்ஜர் மின் இரைச்சலைக் கிளப்பினால் அது விரல் வழியாக அந்தக் கோட்டில் ஏறி, அதே வரிசையில் இன்னொரு விரலும் இருப்பதாகச் சிப்பை ஏமாற்றிவிடும்.

சரி, புது டிஸ்ப்ளேயாவது ஒழுங்கா? செட்டிங்ஸில் 'பில்ட் நம்பரை' 7 முறை தட்டி, 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' போய் 'பாயின்டர் லொகேஷனை' ஆன் செய்தேன். விரலை மேலிருந்து கீழே இழுத்தால் பின்னாலேயே கோடு வரும். எங்கே இழுத்தாலும் ஸ்பேஸ் பாருக்குச் சற்று மேலே, ஒரே உயரத்தில் கோடு அறுந்தது. அந்த வரிசை முழுக்கச் செத்திருக்கிறது.

திரும்பப் போனேன். "டெம்பர் ஒட்டியிருக்கீங்கல்ல, அதான் சார்" என்றார். திரைமேல் ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடியைத்தான் டெம்பர் என்கிறார். அவர் கண் முன்னாலேயே அதை உரித்துவிட்டு இழுத்தேன். அதே இடத்தில் அறுந்தது. என் பழைய டிஸ்ப்ளேயையாவது கொடுங்கள் என்றேன்.

"அதெல்லாம் அன்னைக்கே குப்பைக்குப் போச்சு சார்."