ஊருணியும் கண்மாயும் எவ்வளவு ஒத்திருக்கின்றன? நான்கு சூத்திரங்கள், நான்கு பதில்கள்

காரைக்குடிப் பக்கம் பறவை பார்க்கப் போனால் ஊருக்குள் படிக்கட்டு கட்டிய ஊருணி, ஊருக்கு வெளியே பரந்து கிடக்கும் கண்மாய் என இரண்டும் கண்ணில் படும். இரண்டின் பறவைப் பட்டியல்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும் சூத்திரங்கள் உண்டு; 1 என்றால் முழு ஒற்றுமை. ஒரு கணக்குக்கு, கண்மாயில் 20 பறவை இனங்கள், ஊருணியில் 5 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தும் கண்மாயிலும் உண்டு.

ஆல்ப்ஸ் மலைத் தாவரங்களை ஒப்பிட்ட சுவிஸ் தாவரவியலாளர் ஜக்கார்டின் வழி எளிது. பொதுவான இனங்களை, இரண்டு இடத்திலுமாக உள்ள மொத்த இனங்களால் (பொதுவானதை ஒருமுறை மட்டும் எண்ணி) வகுக்க வேண்டும்: 5/20, அதாவது 0.25. டென்மார்க்கின் ஸோரன்சன் 1948-இல் தந்த சூத்திரம் பொதுவானவற்றை இரண்டு மடங்காக எண்ணி, இரண்டு பட்டியல்களின் நீளத்தையும் கூட்டி (20 + 5) வகுக்கும்: 10/25, அதாவது 0.4. இவற்றில் எது மேல் என்று சண்டை போடுவது வீண் வேலை. ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிட்டுவிடலாம், எந்த ஜோடி அதிகம் ஒத்தது என்ற தரவரிசையும் மாறாது.

இப்போது 12 இனங்கள் வீதம் உள்ள இரண்டு கண்மாய்களை எடுப்போம். பொதுவானவை 4 மட்டும். ஜக்கார்டு 4/20, அதாவது 0.2. முன்பு 0.25, இப்போது 0.2. ஏறக்குறைய ஒரே மதிப்பெண்! ஆனால் முதல் ஜோடியில் ஊருணி கண்மாயின் சின்னத் துண்டு. இரண்டாவதில் பறவைக் கூட்டமே வேறு.

இங்கேதான் சிம்ப்சன் கைகொடுக்கிறார். (ஓர் இடத்தின் இனப் பன்மையை அளக்கும் குறியீட்டைத் தந்த சிம்ப்சன் வேறு ஆள், இவர் தொல்லுயிரியலாளர்.) பொதுவானவற்றைச் சிறிய பட்டியலின் நீளத்தால் வகுக்கச் சொல்கிறார். ஊருணிக்கு 5/5, முழுசாக 1. கண்மாய் ஜோடிக்கு 4/12, அதாவது 0.33. பெரியதும் சிறியதுமாக நீர்நிலைகள் கலந்து கிடக்கும் செட்டிநாட்டுக்கு ஜக்கார்டை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் சிம்ப்சனிலும் ஆபத்து உண்டு: அரை மணி நேரம் நின்று நாலு பறவையை மட்டும் குறித்து வந்து, அந்த நாலும் மற்ற பட்டியலில் இருந்தால் அதுவும் 1 என்று வந்து நிற்கும்.

இரண்டு இடத்திலும் இல்லாத இனத்தை ஒற்றுமையாக எண்ணும் முறையும் உண்டு. பென்குவின் இரண்டிலும் இல்லை, ஆகவே இரண்டும் ஒன்று! இதை விட்டுவிடலாம்.

விஸ்கான்சின் காடுகளை வைத்து 1957-இல் வந்த பிரே-கர்டிஸ் முறை எண்ணிக்கையையும் கேட்கும். ஒரு கண்மாயில் நத்தைகுத்தி நாரை 300, வக்கா 40, மடையான் 10. மற்றதில் 2, 40, 10. ஜக்கார்டு 1 என்று சொல்லும். பிரே-கர்டிஸ் ஒவ்வோர் இனத்திலும் சிறிய எண்ணை எடுத்துக் கூட்டி (2 + 40 + 10), அதை இரட்டித்து மொத்தப் பறவைகளால் வகுக்கும்: 104/402, ஒற்றுமை 0.26-தான். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத வேட்டங்குடி போன்ற இடத்தை இன்னொரு கண்மாயோடு ஒப்பிட எனக்கு இதுதான் சரி. ஆனால் நாரைக் கூட்டம் எழும்பிப் பறக்கையில் 300-ஐ எண்ணிப் பாருங்கள், தெரியும். எண்ணிக்கையில் சந்தேகம் வந்த நாளில் நான் பட்டியலுக்கே திரும்பி, ஜக்கார்டையும் சிம்ப்சனையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறேன்.