ஆர்எக்ஸ் 100 பந்தய எஞ்சின்: ஏழு வருடம் ஓட்டிய பிறகு

வண்டி 1991 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் இருந்த சின்ன மாமா பத்திரமாக ஓட்டிய வண்டி, 2012-ல் என் கைக்கு வந்தது. 2018-ல் எஞ்சினைப் பிரித்துப் பந்தயத்துக்கென்று செய்தேன். அதிலிருந்து இன்றுவரை 14,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட ஓடியிருக்கிறது. இடையில் மூன்று முறை சீஸ் ஆகி (பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொண்டு எஞ்சின் நின்றுவிடுவது), மூன்று பிஸ்டன் கிட்டும் ஒரு கான்ராட் கிட்டும் (கான்ராட் என்பது பிஸ்டனைக் கீழே கிராங்க் தண்டோடு இணைக்கிற கம்பி) போயின. எஞ்சின் செய்த மறுவாரம் எழுதும்போது எல்லார் வண்டியும் பறக்கத்தான் செய்யும். ஏழு வருடம் கழித்து என்ன நிலைமை என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்குமே என்று அப்போது தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம்.

விண்டேஜ் என்று இதைச் சொல்லலாமா என்று ஒரு கேள்வி வரும். சட்டக் கணக்கில் 50 வருடம் தாண்டினால்தான் விண்டேஜ். ஆர்எக்ஸ் 100 இங்கே வந்ததே 1985-ல். ஆனால் பார்ட்ஸ் தேடி அலைகிற அலைச்சலைப் பார்த்தால் இது அந்தக் காலத்து ஆஸ்டின் காருக்கு ஒன்றும் குறைந்ததில்லை.

கம்பெனி கொடுத்த எஞ்சின் 98 சிசி. போர் (சிலிண்டர் விட்டம்) 50, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன். வண்டி எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். அந்த எடைக்கு அந்தச் சக்தியே போதும் என்பது இன்றைய என் கருத்து. 2018-ல் அப்படி நினைக்கவில்லை.

அப்போது வெளியூரில் ஒரு டியூனர் பேர் வாங்கிக்கொண்டிருந்தார். சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி பஸ்ஸில் பார்சல் போட்டேன். எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளை) நன்றாக உயர்த்தி, அகலமாக்கி, ஹெட்டைக் கடைந்து, 24 மி.மீ. கார்புரேட்டரும் எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சரும் சேர்த்து அனுப்பினார். மாட்டி முறுக்கியதும் வந்த சத்தத்தில் நாகர்கோவில் பார்வதிபுரம் ஜங்ஷனே திரும்பிப் பார்த்தது. 9,500 சுற்றுவரை ஏறியது. ஆனால் 7,800-க்குக் கீழே எஞ்சினில் உயிரே இல்லை.

இதில் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. இந்த வண்டிக்கு நாலு கியர்தான். மூன்றாவதில் 9,500 வரை இழுத்து நாலாவது போட்டால் ஏறத்தாழ இரண்டாயிரம் சுற்று கீழே விழும். விழுகிற இடத்தில் சக்தி இருக்க வேண்டும், அங்கேதான் ஒன்றும் இல்லை. எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தினால் அது சீக்கிரம் திறந்து நெடுநேரம் திறந்திருக்கும். அதிக சுற்றில் அது லாபம், குறைந்த சுற்றில் எரியாத கலவையே வெளியே போய்விடும். ஆறு கியர் உள்ள வண்டியில் இதைச் சமாளிக்கலாம். நாலு கியரில் முடியாது. பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றங்களில் பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரில் உறுமிக்கொண்டே போனது இன்னும் நினைவிருக்கிறது.

சத்தம் மட்டுமா? 7,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 12.5 மீட்டர். 9,500-ல் அது 15.8 மீட்டர். அந்தக் கூடுதல் சுமை முழுவதும் 27 வருடம் பழைய கான்ராட் மீதும் கிராங்க் பேரிங் மீதும் விழுகிறது. மேலே எல்லாம் புதிது செய்தவன் கீழே கை வைக்கவில்லை. கிராங்க் நல்லாத்தான் இருக்கு என்று சொன்னார்கள், நானும் நம்பினேன்.

முதல் சீஸ் 2019 ஜூலையில், முப்பந்தலில். திருநெல்வேலிப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எப்படி வரும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? எதிர்காற்றில் வேகம் ஏறவில்லை என்று ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து சில நிமிடம் பிடித்திருந்தேன். பொது ரோட்டில் செய்யக்கூடாத வேலை. சத்தம் லேசாக மெலிந்தது. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டியது. கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து இந்த வண்டியில் எப்போதும் இரண்டு விரல் கிளட்ச் லீவர் மேல்தான்.

0.25 போர் போட்டு, அதாவது சிலிண்டரை 0.25 மி.மீ. பெரிதாகக் கடைந்து ஓட்டினேன். நாலு மாதத்தில் மறுபடியும் சீஸ். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டைப் பெரிதாக்கினோம், பிளக்கை மாற்றினோம், ஆயில் கம்பெனியை மாற்றினோம். ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் வழி காட்டியது பைக் மெக்கானிக் இல்லை. குளச்சல் பக்கம் வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கிற ஒரு ஆசான். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களிலேயே நாற்பது வருடம் கழித்தவர். பிளாக்கைக் கையில் வாங்கிப் போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மேல நல்லா தோண்டியிருக்கான். கீழ காத்து போவுதான்னு யாராவது பாத்தாங்களா மக்களே?" என்றார்.

அவரிடம் ஒரு பழைய பிபி பார்க்கிற கருவி இருந்தது. கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, பம்பையும் முள் மீட்டரையும் ஒரு குழாயோடு இணைத்து வைத்திருந்தார். கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் ஷீட் வைத்துத் தகடு போட்டு இறுக்கி, எஞ்சினுக்குள் காற்றடித்து 300-ல் நிறுத்தினார். பிஎஸ்ஐ கணக்கில் அது ஆறுக்குச் சற்றுக் குறைவு. ஐந்தாறு நிமிடமாவது அந்த முள் நின்ற இடத்தில் நிற்க வேண்டுமாம். எனக்கு அரை நிமிடத்தில் பூஜ்யம். சோப்புத் தண்ணீரைத் தடவினோம். மேக்னெட் பக்கத்து ஆயில் சீலைச் (கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கிற ரப்பர் வளையம்) சுற்றி அழகாக நுரை கிளம்பியது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றுகிற அறையும் ஒரு பம்ப் மாதிரிதான். கலவை அங்கே போய்த்தான் மேலே ஏறுகிறது. இடது பக்கம் மேக்னெட் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே போய்க் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் பங்கு குறைந்து மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். ஐடிலிங் தானாக ஏறி இறங்குவது அதன் முதல் அறிகுறி. வலது பக்கம் கிளட்ச் சீல் போனால் கியர் ஆயிலை இழுக்கும். ஓயாத வெள்ளைப் புகை, ஆயில் அளவு குறையும். இரண்டையும் சேர்த்து விலை ஒரு பிரியாணி அளவுகூட வராது. அதற்காக நான் இரண்டு பிஸ்டன் கிட்டைக் காவு கொடுத்திருக்கிறேன்.

சீல் ஏன் தேய்ந்தது என்பது அடுத்த கேள்வி. கிராங்க் கோணல். டயல் கேஜ் என்ற முள் கருவியில் 0.11 மி.மீ. ஆட்டம் காட்டியது, 0.03-க்குள் இருக்க வேண்டியது. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர்களைக் கடைகிற ஒரு லேத் பட்டறையில் கான்ராட் கிட் போட்டு, இரண்டு முனையையும் சென்டரில் பிடித்து, பித்தளைச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினார்கள். மூன்று மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு சுற்று, முள்ளைப் பார்ப்பது, மறுபடி ஒரு தட்டு. கோயில் சிற்பி வேலை மாதிரி. பேரிங்கும் சீலும் புதிது போட்டு மறுபடி காற்றடித்ததில் முள் அசையவில்லை. ஆசான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார், அப்போதும் அதே இடம். "வள்ளம் நடுக்கடலில சீஸ் ஆச்சுண்ணா நடந்தா வருவ?" என்று கேட்டுவிட்டு வேறு எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் மேல் வேலை. வேறொரு பிளாக் தேடிப் பிடித்து, இந்த முறை எக்ஸாஸ்ட் போர்ட்டை மிகக் கொஞ்சமாகவே உயர்த்தினோம். அகலம் போர் அளவில் 70 சதவீதத்தை, அதாவது 35 மி.மீ.யைத் தாண்டாமல் நிறுத்தினோம். தாண்டினால் பிஸ்டன் ரிங் வெளியே துருத்தி ஓரத்தில் இடிக்கும். கலவை மேலே ஏறுகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்களில் வார்ப்புப் பிசிறை எடுத்து, பேக்கிங்கோடு பொருந்தும்படி சரி செய்ததோடு சரி. ஹெட்டுக்கு ஸ்குவிஷ் அளவு, அதாவது உச்சிக்கு வந்த பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி பார்த்தோம். பிளக் ஓட்டை வழியாக ஈயக்கம்பியை நுழைத்து எஞ்சினைச் சுற்றினால் பிஸ்டன் அதை நசுக்கும், நசுங்கிய இடத்தை அளந்தால் போதும். எனக்கு 0.9 மி.மீ. இருக்கிறது. 0.50 போர் போட்டதில் இப்போது எஞ்சின் 100 சிசிக்கு ஒரு சொட்டு மேல்.

இடையில் ஒரு கோளாறு. போர் போட்ட இடத்தில் போர்ட் ஓரங்களை மழுக்காமல் கத்தி மாதிரி விட்டுவிட்டார்கள். 300 கிலோமீட்டரில் ரிங் உடைந்து பிஸ்டன் ஓரத்தைத் தின்றது. மூன்றாவது சீஸ் அது. தப்பு பாதி என்னுடையது, விரலால் தடவிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அடுத்த அளவுக்குப் போகாமல் சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்த்து, ஹோன் செய்து தப்பித்தோம்.

இந்த இரண்டாவது எஞ்சின் முதலாவதைவிடக் குறைவாகத்தான் சத்தம் போடுகிறது. 9,000-க்கு மேல் நான் ஏற்றுவதும் இல்லை. ஆனால் 5,500-லிருந்து இழுக்கிறது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இரண்டு எஞ்சினையும் ஓட்டியிருக்கிறேன். 2.1 கிலோமீட்டர் சுற்று, வளைவுகள் நெருக்கம். பழைய டியூனிங்கில் வளைவு முடிந்து வெளியே வரும்போது எஞ்சின் தூங்கிப்போய், நான் கிளட்சை நழுவவிட்டு எழுப்பிக்கொண்டிருப்பேன். புதியதில் சுற்றுக்கு நாலு வினாடி குறைந்தது. காகிதத்தில் குதிரைத்திறன் எது கூடுதல் என்று கேட்டால் பழையதுதான்.

ஜெட் விஷயம் நம் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது. என் வீடு கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டர், கிட்டத்தட்ட கடல் மட்டம். கோயம்புத்தூர் 400 மீட்டர் உயரம், காற்று நாலு சதவீதம் போல மெலிவு. இங்கே சரியாக வைத்த ஜெட் அங்கே கொஞ்சம் ரிச்சாக, பெட்ரோல் கூடுதலாக இருக்கும், புகையும் சோம்பலும் இருக்கும், எஞ்சினுக்கு ஆபத்தில்லை. அங்கே சின்ன ஜெட் வைத்துக் கலவையை மெலிதாக்கிவிட்டு அப்படியே இங்கே வந்து ஓட்டினால்தான் ஆபத்து. திரும்பி வந்த அன்றே பழைய ஜெட்டைப் போட்டுவிடுவேன். இரண்டு மழைக்காலமும் வாங்குகிற ஊர் என்பதால் மழை ஈரத்திலும் லேசான மாற்றம் தெரியும். அதற்காகவெல்லாம் நான் ஜெட் மாற்றுவதில்லை, சோம்பேறித்தனம்தான்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். மெயின் ஜெட்டில் இரண்டு படி ஏற்ற வேண்டி வந்தது. அதைவிடத் தொல்லை, ஈரத்தை அது உறிஞ்சுவது. உப்புக்காற்றும் சேர்ந்தால் சும்மா நிற்கிற எஞ்சினில் கிராங்க் பேரிங் துருப்பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தினால் கார்புரேட்டரைக் காலி செய்து, பிளக் ஓட்டையில் கொஞ்சம் டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் விட்டு நாலு மிதி மிதித்து வைக்கிறேன். ஃப்ளோட் கிண்ணத்து ரப்பர் இரண்டு முறை உப்பியிருக்கிறது.

எஞ்சினுக்கு ஆயில் கொடுக்கிற பம்பை எடுத்துவிட்டு ஆயிலைப் பெட்ரோலில்தான் கலக்கிறேன். லிட்டருக்கு 33 மி.லி., அதாவது முப்பதுக்கு ஒன்று. டிராக் நாளில் 40. இப்படி ஓட்டுகிறவர்கள் இறக்கத்தில் அதிக சுற்றில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு எஞ்சின் பிரேக்கில் இறங்கக்கூடாது. பெட்ரோல் நின்றால் ஆயிலும் நின்றது. ஆமணக்கெண்ணெய் கலந்த ரேசிங் ஆயிலும் ஒரு சீசன் போட்டேன். வாசனை அருமை, சின்ன வயதில் பேதிக்குக் குடிக்க வைத்த பாட்டி நினைவுக்கு வந்தார். ரிங் பள்ளத்தில் பசையாக ஒட்டியதால் விட்டுவிட்டேன்.

மைலேஜ் கேட்பவர்களுக்கு: லிட்டருக்கு 24. கம்பெனி எஞ்சின் இருந்தபோது 40-க்குக் குறைந்ததில்லை. பிரேக் பழைய டிரம்தான். எஞ்சினுக்குச் செலவழித்ததில் பாதியை அங்கே செலவழித்திருக்கலாம். ரோட்டுக்கு இப்போது தனியாக ஒரு ஸ்டாக் பிளாக்கும் கம்பெனி சைலன்சரும் வைத்திருக்கிறேன். மாற்ற ஒரு மணி நேரம். நாகர்கோவில் டிராஃபிக்கில் பந்தய பிளாக்கோடு போவது யாருக்கும் நல்லதில்லை, முக்கியமாக என் காதுக்கு.

மொத்தச் செலவில் கிராங்க், பேரிங், சீல், லேத் கூலி எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதலில் அதைச் செய்திருந்தால் மீதியில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

போன மாதம் கியர் ஆயில் திறந்து பார்த்தபோது 100 மி.லி. குறைவாக இருந்தது. வெளியே எங்கும் கசிவு இல்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது புகையும் கொஞ்சம் கூடுதல். வலது பக்கத்துச் சீல் என்று நினைக்கிறேன். ஆசான் ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறப்பதில்லை. திங்கட்கிழமை எஞ்சினைச் சாக்கில் கட்டிக்கொண்டு குளச்சல் போக வேண்டும்.